கடுகின் இரண்டாவது விண்ணப்பம்

என் அக்கா மகளுக்குக் கோபம் வந்தால் அழமாட்டாள், கத்தமாட்டாள். பாத்திரம் தேய்ப்பாள். கழுவிக் கவிழ்த்து வைத்ததை எல்லாம் திரும்ப எடுத்துப் போட்டு, அடி ஓட்டையாகிற மாதிரி தேய்ப்பாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் "என்னடி?" என்று கேட்டால்தான் வெடிப்பாள். ஆளும் குள்ளம். அதனால் எங்களுக்கு அவள் கடுகு.

ராணுவ அகாடமியிலிருந்து 'தாங்கள் தேர்வு பெறவில்லை' என்று கடிதம் வந்த அன்று வீட்டில் ஒரு தம்ளர்கூடத் தப்பவில்லை.

நான் அவளுடைய சித்தி. அக்கா வீட்டிலேயேதான் இருக்கிறேன். கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பேன், டைப் அடிப்பேன். எழுதத் தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் சோம்பல்படுகிறவர்களுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அக்கா வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவர். ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால், வீட்டில் ஒருவர் வரும்போது இன்னொருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்.

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தில் அவளை அகாடமியின் அணிவகுப்புக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்றாங்க சித்தி, நூறு பேர் ஒரே நேரத்துல திரும்பறாங்க. நம்ம வீட்டுல நாலு பேரை ஒண்ணா சாப்பிட உக்கார வைக்க முடியல!" அன்றைக்குப் பிடித்த பிடி. நாலு வருடம் விடியற்காலையில் ஓடினாள். எழுத்துத் தேர்வு எழுதினாள், உடல்தேர்வு முடித்தாள், நேர்காணல் வரைக்கும் போனாள்.

அந்த நேர்காணலில்தான் முதல் இடி விழுந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. அவர் சிரித்த முகமாகக் கேட்டாராம்: "வாலிபால் அணிக்குத் தலைவியா இருந்திருக்கீங்க. ஒரு மேட்ச் தோத்துட்டா அணியை எப்படித் தேத்துவீங்க?"

"நான் வாலிபால் ஆடினதே இல்லைங்க மேடம்" என்றாள் இவள்.

அதிகாரி தாளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் தாளை நகர்த்தினார். சிரிப்பு போய்விட்டது. அப்புறம் ஊர் என்ன, அப்பா என்ன வேலை என்று ரெண்டு கேள்வி. ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். "யாரோட ஃபைலோ மாறிடுச்சு போல" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

தேறாதவர்கள் எழுதிக் கேட்டால் அகாடமி காரணம் சொல்லும் என்று விதி இருந்தது. கேட்டோம். ஐந்து வாரம் கழித்து ஒரே ஒரு பக்கம் வந்தது. நாலே வரி. கணிதத்தாளில் நாற்பத்தொன்று, போதாது. ஓட்டம் நன்று, கம்பியில் உடலைத் தூக்குவதில் மூன்றே முறை, மிகக் குறைவு. பள்ளி ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்துக்கும் விண்ணப்பதாரர் நேரில் கூறியதற்கும் பொருத்தம் இல்லை. நாலாவது வரி: விண்ணப்பக் கட்டுரையில் சொந்தக் குரல் இல்லை, இதே வாக்கியங்கள் வேறு விண்ணப்பங்களிலும் காணப்பட்டன. கீழே சின்ன எழுத்தில், வயது வரம்புக்குள் இருப்பவர்கள் இன்னும் ஒரு முறை விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது.

மூன்றாவது வரியைப் படித்ததும் அவள் முகம் சிவந்தது. நாலாவது வரியைப் படித்ததும் நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பரிந்துரை எழுதியவர் இயற்பியல் வாத்தியார். ஆய்வுக்கூடத்தின் ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம்கூடப் பதறவில்லை.

"நல்லதாத்தானேம்மா எழுதியிருக்கேன்" என்றார். "இரு, காட்டறேன்."

திறந்து காட்டினார். கடிதத்தின் பெயரே 'பரிந்துரை'தான். மேலே இவள் பெயர். கீழே, வாலிபால் அணித்தலைவி, மாவட்டப் போட்டியில் வெள்ளிப் பதக்கம், மேடைப்பேச்சில் வல்லவர். மூன்று வருடத்துக்கு முன்னால் படித்த எந்தப் பெண்ணுக்கோ எழுதியது. அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் மேலே பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். இவள் பதக்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"சார், அவங்க நான் பொய் சொல்லி விண்ணப்பம் போட்டதா நினைச்சுட்டாங்க."

"அட, இதுக்குப் போயா? இப்பவே இன்னொண்ணு அடிச்சுத் தரேன். என்ன போடணும், சொல்லு."

அதுதான் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் கோபத்தை ஏற்றியது. எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் தேய்க்கப் பாத்திரம் எதுவும் இல்லை, கண்ணாடிக் குடுவைகள்தான் வரிசையாக இருந்தன.

"நான் சொல்லணுமா? ரெண்டு வருஷம் உங்க வகுப்புல மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தேன் சார். என்னைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணு போதும்."

வாத்தியார் கூரையைப் பார்த்தார். "நல்ல பொண்ணு... அமைதியான பொண்ணு..."

அமைதியான பொண்ணாம்! எனக்கே பொறுக்கவில்லை. "ஏன் சார், ஒரு பிள்ளையோட வாழ்க்கை உங்களுக்குப் பேர் மாத்தற வேலையா?" என்று ஆரம்பித்து, நாக்கில் வந்ததை எல்லாம் கொட்டினேன். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து நின்றார்கள். கடுகு என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அங்கே வந்து நின்று, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நாலாவது வரி?"

"என்ன நாலாவது வரி?"

"அந்தக் கட்டுரையை நீங்கதானே எழுதினீங்க. எத்தனை பேருக்கு எழுதினீங்க?"

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டவள். மரியாதை கூடினால் தூரமும் கூடிவிட்டது என்று அர்த்தம்.

'சிறு வயது முதலே தாய்நாட்டுக்குத் தொண்டு செய்யும் வேட்கை என் நெஞ்சில் கனலாக மூண்டது.' என்னுடைய வாக்கியம். அதில் எனக்குப் பெருமை வேறு. அந்த வருடம் மட்டும் ஏழு பேருக்கு அதைப் போட்டுக் கொடுத்திருந்தேன். போலீஸ், தீயணைப்பு, அகாடமி, எல்லோர் நெஞ்சிலும் ஒரே கனல். இவளுக்கு எழுதும்போது, சொந்தப் பிள்ளையாயிற்றே என்று ரெண்டு தடவை படித்துக்கூடப் பார்த்தேன். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் பரீட்சைக்குப் படிக்கும் அவசரத்தில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"ஏழு" என்றேன்.

"அந்த சாரைத் திட்டினீங்களே, அதெல்லாம் யாருக்கு?"

பஸ் வந்தது. நான் ஏறினேன், அவள் ஏறவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் என்னோடு பேச்சில்லை. எனக்கும் கோபம்தான். முதலில் அவள் மேல் வந்தது: வளர்த்தவளை ரோட்டில் நிற்க வைத்துக் கேட்கிறாளே என்று. அப்புறம் அகாடமி மேல். வாத்தியார் மேல் வந்தது போகவேயில்லை. கடைசியில் எல்லாம் சுற்றி வந்து என் மேலேயே உட்கார்ந்தது. கடையில் அந்த வாக்கியத்தை அழித்தேன். அழித்த பிறகும் அது விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எதை டைப் அடிக்க உட்கார்ந்தாலும் முதலில் 'சிறு வயது முதலே' என்றுதான் வந்தது.

பன்னிரண்டாவது நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "திரும்பப் போடப் போறேன்."

அவள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "வேணாம்னு சொன்ன வாசல்ல போய் மறுபடி நிக்கறதா? நமக்குன்னு ஒரு மானம் வேணாம்?"

"அவங்க வேணாம்னது என்னை இல்லப்பா. வாலிபால் ஆடற எவளையோ, இவங்க எழுதின எவளையோ. நான் இன்னும் விண்ணப்பமே போடல."

அவர் எழுந்து போய்விட்டார். அந்தப் பேச்சை அவர் வீட்டில் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அவள் கேட்டாலும் பதில் சொல்லவில்லை. அது ஒரு வருடம் ஓடியது.

அக்காதான் பேசி, சலவைக்கூடத்தில் அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள். காலை ஆறு முதல் இரண்டு வரை அங்கே. மூன்று மணிக்குப் பாலிடெக்னிக்கில் கணித வகுப்பு. கணக்கில் அவள் மக்கு இல்லை. கோணங்கள் வரும் கணக்கிலும் நிகழ்தகவிலும் மட்டும் அடிப்படையே ஆட்டம் கண்டிருந்தது. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தாள். முதல் தேர்வில் முப்பத்தெட்டு வந்தது. விடைத்தாளை நாலாக மடித்துச் செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவில் வைத்து வீடு வரைக்கும் நடந்து வந்தாள். மறுநாள் அதையே எடுத்து நீவி வைத்து, தப்பான கணக்கை எல்லாம் திரும்பப் போட்டாள். சலவைக்கூடத்தின் பின்கட்டில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட ஓர் இரும்புக் குழாய் இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் அதில் தொங்குவாள். மூன்று ஐந்தாகி, ஐந்து எட்டாகியது. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். ஒரு பக்கம் அழுக்கு வாசல். வார்டுகளிலிருந்து ரத்தமும் மருந்துமாக விரிப்புகள் தள்ளுவண்டியில் வரும். மறுபக்கம் சுத்த வாசல். நடுவில் பிரித்துப் போடுகிற மேசை. அங்கே ஆறு பெண்கள் நிற்பார்கள். கடுகு வேகமானவள், கணக்காக நிற்கிறவள் என்று நாலாவது மாதமே அந்த மேசைக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள்.

ஒருநாள் அந்த மேசையில், இரண்டு பிள்ளைக்குத் தாய் ஒருத்தி விரிப்பை உதறும்போது, உள்ளே கிடந்த ஊசி அவள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. எந்த நோயாளியின் ஊசி, என்ன நோய், ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் மாத்திரை, மூன்று மாதம் பரிசோதனை, மூன்று மாதம் தூக்கம் கெட்ட முகம். கடைசியில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி மேலாளர் வந்து சொன்னது இவ்வளவுதான்: "பாத்து எடுக்கக் கூடாதா? கண்ணு எங்க போச்சு?"

அன்றைக்கு வீட்டில் பாத்திரம் உருளவில்லை. அது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாளிலிருந்து மேசைக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு தகர டப்பா வைத்தாள். விரிப்பில் ஊசி, பிளேடு எது வந்தாலும் இடுக்கியால் எடுத்து அதில் போடச் சொன்னாள். எந்த வார்டு வண்டி, எந்தத் தேதி, எத்தனை என்று ஒரு தாளில் எழுதினாள். மூன்று வாரத்தில் இருபத்தேழு. அதில் பத்தொன்பது ஒரே வார்டிலிருந்து. தாளையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேராக நர்சுகளின் தலைமை அதிகாரி அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாளா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

"இது உங்க ஆளுங்க விட்டது" என்று டப்பாவை மேசைமேல் வைத்தாளாம். "கண்ணு எங்க போச்சுன்னு எங்களைக் கேக்கறாங்க. உங்களைக் கேக்க வந்தேன்."

பெரிய ரகளை. சலவைக்கூட மேற்பார்வையாளர் அம்மாவுக்கு இவள் அங்கே போனதே தெரியாது. தன் ஆள் தன்னைத் தாண்டிப் போனதற்கு அவருக்கு மெமோ வந்தது. கடுகுக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம். ஆனால் அந்த வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஊசி போடுகிற பெட்டி வைத்தார்கள். அடுத்த மாதம் டப்பாவில் விழுந்தது இரண்டே ஊசி.

மேற்பார்வையாளர் அம்மா ஒரு மாதம் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடுகு அவரிடமே போய்ப் பரிந்துரைக் கடிதம் கேட்டாள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உன்னால நான் மெமோ வாங்கியிருக்கேன். உனக்கு நான் எழுதணுமா?"

"ஆமாம்மா. நீங்க பாத்ததை எழுதுங்க. திட்டறதா இருந்தா அதையும் எழுதுங்க. என்கிட்ட காட்ட வேணாம்."

அந்த அம்மா கையாலேயே ஒரு பக்கம் எழுதி, உறையில் ஒட்டிக் கொடுத்தார். இன்னொரு கடிதம் பாலிடெக்னிக் கணித ஆசிரியை எழுதினார். அவர் எழுதும் முன்பே இவளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாராம்.

கட்டுரையை இந்தத் தடவை அவளே எழுதினாள். ஒரு மாலை கடைக்கு வந்து தாளை என் முன்னால் வைத்தாள். "டைப் மட்டும்."

படித்தேன். 'எங்கள் வீட்டில் நான்கு பேரை ஒன்றாகச் சாப்பிட உட்கார வைக்க முடியாது' என்று ஆரம்பித்திருந்தாள். அணிவகுப்பு, சலவைக்கூடம், டப்பா எல்லாம் வந்தது. போன வருடம் கட்டுரையை வேறொருவர் எழுதியதையும், படிக்காமல் கையெழுத்துப் போட்டது தன் தப்பு என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். நடுவில் ஓரிடத்தில் 'எனக்குப் பயங்கரக் கோபம் வந்தது' என்று இருந்தது. என் விரல் தானாக 'மிகுந்த வேதனையுற்றேன்' என்று அடிக்கப் போனது.

"கை வைக்காதே சித்தி!"

'காதே' என்றாள். 'காதீங்க' என்று சொல்லவில்லை. நான் கம்ப்யூட்டர் திரையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

கணிதத்தாளில் அறுபத்து மூன்று வந்தது. கம்பியில் பதினொன்று. நேர்காணலுக்கு நானும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். அதே கண்ணாடி அதிகாரி. மேற்பார்வையாளர் அம்மாவின் கடிதத்திலிருந்து வாசித்துக் காட்டினாராம்: 'இவள் என்னிடம் சொல்லாமல் மேலே போனாள். அது தவறு, அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் பிரிவில் ஒரு கைகூடக் குத்துப்படவில்லை. வேலையில் இவளை நம்பலாம். வாயை நம்ப முடியாது.'

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க. முதல்ல அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். தடுத்துடுவாங்கன்னு பயந்து சொல்லல. தடுத்திருந்தா அதுக்கப்புறம் மேல போயிருக்கலாம்."

"இங்க எல்லாமே கட்டளைதான். இவ்வளவு கோபத்தை வெச்சுக்கிட்டு எப்படிக் காலம் தள்ளுவீங்க?"

"கோபம் இருக்கு மேடம். இப்பகூட இருக்கு. உங்க மேலயும் இருக்கு."

பக்கத்தில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தாராம்.

"என் மேல எதுக்கு?"

"போன வருஷம் கடிதமும் நான் சொன்னதும் ஒத்துப்போகலைன்னதும், ஏன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. பொய் சொல்றவன்னு முடிவு பண்ணிட்டீங்க. உண்மையைச் சொன்னது நான்தான்."

சொல்லி முடித்ததும்தான், எல்லாவற்றையும் தானே கெடுத்துக்கொண்டோம் என்று அவளுக்கு உறைத்ததாம். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டிருக்கணும்தான்" என்றார். அப்புறம் நாற்பது நிமிடம் கேள்வி மேல் கேள்வி. வெளியே நான் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டேன்.

பட்டியல் வந்தபோது அவள் பெயர் அடியிலிருந்து இரண்டாவது. மேலே இருந்து தேடிக்கொண்டே வந்த அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் அப்பா அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்தார். அவளிடம் "பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். ஆனால் டிப்போவில் டிரைவர், கண்டக்டர், டீசல் போடுகிறவர் எல்லோருக்கும் அவரே சொல்லி முடித்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. புறப்படும் நாளில் பெட்டியை அவர்தான் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். "நானே எடுத்துப்பேன்" என்று அவள் சண்டை போட, "சும்மா வா" என்று அவர் அதட்ட, இருவரும் வழி முழுக்க அப்படியேதான் போனார்கள்.

வாத்தியார் போனில் கூப்பிட்டு வாழ்த்தினார். பள்ளிக்கூடச் சுவரில் அவள் படம் போடப் போகிறார்களாம். எடுத்தது நான். "போடுங்க, கீழ என்ன எழுதறதுன்னு மட்டும் அவளையே கேட்டு எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் கடையில் இப்போது விண்ணப்பத்துக்கு வருகிறவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறேன். "எழுதி வாங்கத்தானே வந்தேன், விசாரணைக்கா வந்தேன்?" என்று பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

ஆறு வாரம் கழித்து அவளுக்குப் போன் பேச அனுமதி கிடைத்தது. பத்து நிமிடம். குரல் கம்மியிருந்தது.

"வெயில்ல ஒரு மணி நேரம் நிக்க வெச்சுட்டாங்க சித்தி."

"எதுக்குடி?"

"பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கு பூட்ஸ் கடிச்சு ரத்தம். அளவு மாத்திக் குடுங்கன்னா, ஸ்டோர்ல இருக்கறவர் அடுத்த மாசம் வான்னு சொல்றார். எழுதிக் குடுத்தேன், முறைப்படி, எங்க பயிற்சி அதிகாரி மூலமாத்தான் குடுத்தேன்..."

"அப்புறம் எதுக்கு நிக்க வெச்சாங்க?"

"குரல் கொஞ்சம் கூடிடுச்சு."

"பூட்ஸ்?"

"மாத்திட்டாங்க" என்றாள். அதற்குள் அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியாடி?" என்று ஆரம்பித்துவிட்டாள்.